ஊர்க்குழுமமும் மட்டுறுத்துநரும்

மக்கள் கூடி வாழுமிடத்திற் பேச்சும் கூடவே வாழ்கின்றது. ஓர் ஊர் ஊராவதற்கு வீடும் வீதியும் வயலும் குளமும் மட்டும் போதா. ஊரார் தம் நலந்தீங்குகளை ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்தற்கு ஓர் இடமும் வேண்டும். நம் நாட்டிலே தேரடியும் சந்தையும் கிணற்றடியும் வாசிகசாலைத் திண்ணையும் நெடுங்காலமாக அவ்விடமாய் விளங்கின. இன்று அவற்றோடு மற்றோர் இடமும் சேர்ந்துள்ளது. கைத்தொலைபேசியிலே, முகநூலிலோ வட்ஸ்அப்பிலோ, ஊரின் பெயரைத் தாங்கி நிற்கும் குழுமமே அது.

திண்ணையிலே பத்துப்பேர் பேசிய பேச்சு பெரும்பாலும் அப்பத்துப்பேரோடு அடங்கிவிடும். பேசினோன் முகம் கேட்போர்க்குத் தெரியும். அவன் சொல்லின் நிறையும் அவர்களுக்குத் தெரியும். பல்லாயிரவர் உறுப்பினராயுள்ள குழுமத்திலோ ஒருவன் நள்ளிரவில் எழுதிய ஒரு வரியை விடியுமுன் ஊர் முழுவதும் வாசித்துவிடுகின்றது. இத்துணை ஆற்றலுடைய ஓர் இடத்தைக் காத்து நடத்தும் பொறுப்பு, ஊதியமும் பட்டமும் பெறாத இருவர் மூவர் கையில் இருக்கின்றது. அவரை மட்டுறுத்துநர் என்பர். அவர் செய்யும் பணி யாது, அதனை எவ்வாறு செய்தல் தகும், அதற்கு எல்லை யாது என்னும் மூன்றினையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

மட்டுறுத்தல் யாது?

மட்டுறுத்தல் என்பது இணையத் தமிழர் வழங்கும் சொல். மட்டு என்பது அளவு. ஆகவே அளவுட்படுத்தலே இதன் பொருள். இதற்கு நேராய ஆங்கிலச் சொல்லும் அளவு என்னும் பொருள்தரும் இலத்தீன் மூலத்திலிருந்து பிறந்ததே. ஆயினும், மட்டுறுத்தல் என்றால் வேண்டாத பதிவை அழித்தல் என்றே பலரும் கருதுகின்றனர். அழித்தல் இப்பணியின் ஒரு கூறேயன்றி முழுமையன்று.

அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜேம்ஸ் கிரிமெல்மன் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையொன்றிலே மட்டுறுத்தலை நால்வகைப்படுத்தினார். தகாதாரை விலக்குதல் ஒன்று. பங்குபற்றுதற்கு ஒரு செலவையோ சிரமத்தையோ விதித்து அளவுபடுத்தல் மற்றொன்று. உள்ளவற்றை வகைசெய்து ஒழுங்குபடுத்தல் மூன்றாவது. இங்கே எவ்வாறு பேசுதல் முறை என்னும் உணர்வை உறுப்பினரிடையே வேரூன்றச் செய்தல் நான்காவது. ஊர்க்குழுமம் ஒன்றைக் கொண்டு நோக்கின் இவை எளிதில் விளங்கும். பொய்ப்பெயரில் வந்து வசைபாடுவோனை நீக்குதல் விலக்கலாகும். வியாபார விளம்பரம் வாரத்தில் ஒரு நாளே இடலாம் என்பது அளவுபடுத்தல். மின்தடை அறிவித்தலையும் இரத்ததான வேண்டுகோளையும் எல்லார் கண்ணிலும் படுமாறு மேலே நிறுத்துதல் ஒழுங்குபடுத்தல். காணாமற்போன பசுவைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்க்கு நன்றி கூறும் வழக்கத்தை வளர்த்தல் நெறி நிறுவலாகும். இந்நான்கனுள் இறுதியதே அரியது. அது நிலைபெற்றவிடத்து முதலாவது அருகியே வேண்டப்படும்.

ஊர்க்குழுமத்தின் தனி இயல்பு

சதுரங்கம் ஆடுவோர்க்கென ஒரு குழுமம் உண்டு. தோட்டக்கலைக்கென ஒன்று உண்டு. அவற்றிலே பொருள் ஒன்று; உறுப்பினர் பெரும்பாலும் அந்நியர். பிணங்கினோன் அகன்றுபோய் வேறொன்றிற் சேர்ந்துகொள்ளலாம். ஊர்க்குழுமம் அத்தகையதன்று. இங்கே பொருள் பல: நீர்விநியோகம், திருவிழா, பாடசாலை அனுமதி, வீதித் திருத்தம், மரண அறிவித்தல், தெருநாய். உறுப்பினரோ மாமனும் மருமகனும், ஆசிரியரும் மாணவரும், கடைக்காரரும் கடன்காரருமாவர். இரவிலே குழுமத்தில் ஏசிக்கொண்ட இருவர் மறுநாட் காலையில் ஒரே பேருந்துக்காக ஒரே தரிப்பிடத்தில் நிற்கவேண்டும். ஊரொன்றே, அதனை விட்டகன்று வேறூரிற் புகுதல் எளிதன்று.

நம் ஊர்க்குழுமங்கட்கு வேறொரு சிறப்பியல்பும் உண்டு. உறுப்பினரிற் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழ்பவர். ஊர்ப்பற்றும் கொடையுள்ளமும் அவரிடம் மிகுதி; கோயிற் திருப்பணிக்கும் பாடசாலைக் கட்டடத்திற்கும் அவர் உதவி பெரிது. ஆயினும், தாம் மூட்டிய வாதம் மறுநாள் ஊர்ச்சந்தியிலே எவ்வாறு எரிகின்றது என்பதை அவர் நேரிற் காண்பதில்லை. சொல்லின் விளைவை ஊரிலிருப்போரே சுமக்கின்றனர். இவ்வேற்றுமையை உணராத மட்டுறுத்துநர் தம் பணியிற் பாதியை உணராதவராவர்.

ஆகலின், ஊர்க்குழுமத்தை மட்டுறுத்துவோர் முதன்மையாகக் காக்கவேண்டியது, அயலவர் நாளைக்கும் ஒருவரோடொருவர் பேசத்தக்க நிலைமையையேயாம். எந்தப் பதிவை நிறுத்துவது, எதனை விடுவது, யாரை எச்சரிப்பது என்னும் வினாக்களெல்லாம் இந்த ஒரு நோக்கத்தை அளவுகோலாகக்கொண்டே விடை பெறுதல் வேண்டும்.

வதந்தி

ஊர்க்குழுமத்தை அணுகும் கேடுகளுள் வதந்தியே கொடியது. இதற்குத் தொலைவிற் சான்று தேடவேண்டியதில்லை. 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி 26 ஆம் நாளிரவு அம்பாறை நகரிலே, முஸ்லிம் ஒருவரது உணவகத்தில் உணவிலே கருத்தடை மாத்திரை கலக்கப்படுகின்றது என்னும் கதை பரவிற்று. கூட்டம் திரண்டு உணவகத்தையும் பள்ளிவாசலையும் தாக்கியது. உணவிற் காணப்பட்ட பொருள் மாவின் திரளையேயன்றி மருந்தன்று என்பது அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதனையிற் பின்னர் வெளிப்பட்டது. உண்மை வெளிவருமுன் தீ கண்டி மாவட்டத்துத் திகனைவரை சென்றுவிட்டது. மார்ச்சு 6 ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. அடுத்த நாள் முகநூல், வட்ஸ்அப் முதலியன நாடெங்கும் தடுக்கப்பட்டு, ஒரு வாரத்தின் பின்னரே மீண்டன. அக்கலவரத்தில் தன் தளம் தீயவழியிற் பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரியது. அதே 2018 ஆம் ஆண்டு யூலை 1 ஆம் நாள், இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்து ரெயின்பாடா என்னும் சிற்றூரிலே, பிள்ளை பிடிப்போர் எனத் தொலைபேசிகளிற் பரவிய பொய்யை நம்பிய கூட்டம் நாடோடி இனத்தவர் ஐவரை அடித்துக் கொன்றது.

இந்நிகழ்ச்சிகளில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வதந்தியைப் பரப்பியோரிற் பெரும்பாலோர் தீயோரல்லர். தம் பிள்ளையையும் தம் இனத்தாரையும் காப்பதாக எண்ணியே அனுப்பினர். அச்சம் விரைவை வேண்டுகின்றது. விரைவு ஆராய்ச்சியைக் கெடுக்கின்றது. ஆதலின் வதந்திக்கு முதல் மருந்து தாமதமேயாம். வட்ஸ்அப் நிறுவனம் 2019 சனவரியில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்குமேல் முன்னனுப்பலாகாது என உலகெங்கும் வரையறுத்தது. 2020 ஏப்பிரலிற் பன்முறை முன்னனுப்பப்பட்ட செய்தியை ஒரு தடவையில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் எனக் குறைத்தது. அதன்பின் அவ்வகைச் செய்திகளின் ஓட்டம் 70 வீதம் குறைந்ததென அந்நிறுவனம் அறிவித்தது. செய்தியின் பொருளை எவரும் தொட்டிலர். அனுப்புவோன் கையைச் சற்றே தாமதிக்கச் செய்தனர். அவ்வளவே.

மட்டுறுத்துநரும் இவ்வழியைக் கைக்கொள்ளலாம். அச்சமூட்டும் செய்தி வருமிடத்து மூன்று வினாக்களை அனுப்பியவரிடம் தனியே கேட்டல் வேண்டும்: இதனை நீர் நேரிற் கண்டீரா? எவ்விடத்தில், எந்நாளில் நிகழ்ந்தது? பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவித்தாயிற்றா? இவற்றுக்கு விடையில்லாத செய்தி விடை வருங்காறும் நிற்கட்டும். மெய்யாயின் சில மணி நேரத் தாமதத்தால் விளையும் இழப்புப் பெரும்பாலும் சிறிது; பொய்யாயின் அத்தாமதம் ஓர் உயிரையும் காக்கக்கூடும். வெள்ளம், புயல், காணாமற்போன சிறுபிள்ளை போன்ற உண்மை அவசரங்களுக்கு மட்டும், பொறுப்பான அலுவலகத்தின் அறிவித்தலை உடனே வெளியிடும் தனிவழி ஒன்று இருத்தல் வேண்டும்.

வதந்தியைப் போன்றே, உண்மையாயினும் வெளியிடத்தகாத செய்திகளும் உள. விபத்திலே இறந்தவர் படத்தை வீட்டார் அறியுமுன் இடுதல், ஒருவரது மருத்துவ அறிக்கையை இரக்கம் வேண்டிப் பரப்புதல், பிழைசெய்த சிறுவனின் பெயரையும் முகத்தையும் காட்டுதல் என்பன அத்தகையன. சிற்றூரிலே ஒரு முறை படிந்த மாசு ஒரு தலைமுறைக்கும் கழுவப்படாது. இவற்றை உண்மையா பொய்யா என ஆராயாமலே நிறுத்துதல் முறையாகும்.

ஐயமும் அயலாரும்

இரண்டாவது கேடு, காரணமற்ற ஐயம். அமெரிக்காவிலே நெக்ஸ்ட்டோர் என்னும் அயலவர் வலைத்தளம் 2011 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதிலே களவு, விபத்து முதலியவற்றை அறிவித்தற்கு ஓர் இடமுண்டு. 2015 ஆம் ஆண்டளவில், கலிபோர்ணிய மாநிலத்து ஓக்லண்ட் நகரவாசிகள் ஒரு முறைப்பாட்டை எழுப்பினர். வீதியில் நடந்து சென்ற கறுப்பினத்தவர் ஒருவரை, அவர் யாது செய்தாரென்றே கூறாமல், ஐயத்துக்குரியவர் என அயலவர் அறிவிக்கின்றனர் என்பதே அது. நிறுவனத்தார் 2016 ஆம் ஆண்டில் அறிவித்தற் படிவத்தை மாற்றினர். அம்மனிதர் செய்த செயல் யாது என்பதை முதலிற் கேட்டனர். இனத்தைக் குறிப்பிடுவோர் உடை, காலணி, தலைமயிர் போன்ற வேறு அடையாளங்களையும் தருதல் வேண்டுமென விதித்தனர். தராவிடின் படிவம் முன்செல்லாது. இம்மாற்றத்தைச் சோதித்தவிடங்களில் இனத்தை மட்டும் சுட்டும் பதிவுகள் ஏறத்தாழ 75 வீதம் குறைந்தன என அவர்கள் அறிவித்தனர்.

இங்கே எவருடைய வாயும் அடைக்கப்படவில்லை. எழுதுமுன் ஒரு வினா கேட்கப்பட்டது. அதற்கு விடை தேடியோரிற் பலர் தம் ஐயம் காரணமற்றது எனத் தாமே கண்டனர் போலும். நம் ஊர்களிலும் புதிதாய்க் குடிவந்தோர், வேற்றுமொழியினர், வேற்றுச் சமயத்தார், நாம் வெளிப்படையாகச் சொல்ல நாணும் சாதிவேற்றுமைக்கு உட்பட்டோர் என்போர் மீது இத்தகைய ஐயம் எழாமலில்லை. செயலைச் சொல்க, ஆளின் குலத்தைச் சொல்லற்க என்னும் ஒரே விதி இவ்விடத்து மிகப் பயன்படும்.

வேர்மொண்ட் மாநிலத்து அனுபவம்

இக்கேடுகளைத் தவிர்த்து ஊர்க்குழுமம் நீடித்து நன்கு நடைபெறுதல் கூடுமா எனின், கூடும் என்பதற்கு அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலம் சான்றாகும். ஏறத்தாழ ஆறரை இலட்சம் மக்கள் வாழும் சிறு மாநிலம் அது. அதன் பேர்லிங்டன் நகரிலே மைக்கல் வுட்-லூயிஸ், வலரி வுட்-லூயிஸ் என்னும் தம்பதியர் 2000 ஆம் ஆண்டில் தம் அயலவர்க்கென ஒரு மின்னஞ்சல் மடலைத் தொடங்கினர். அது 2006 ஆம் ஆண்டில் முன்விறாந்தை மன்றம் எனப் பொருள்படும் பெயரோடு விரிந்து, பின்னர் மாநிலம் முழுமைக்கும் பரந்தது.

அதன் முறை எளிது. உறுப்பினர் தம் மெய்ப்பெயரோடும் வாழுமிடத்தோடுமே எழுதுதல் வேண்டும். ஒவ்வொரு பதிவையும் ஊதியம் பெறும் மட்டுறுத்துநர் வெளியிடுமுன் வாசிப்பர். ஆளைத் தாக்கும் சொல் இருப்பின் அதனைத் திருத்தியனுப்புமாறு எழுதியவரைக் கேட்பர். பதிவுகளெல்லாம் தொகுக்கப்பெற்றுப் பெரும்பாலும் நாளுக்கொரு முறை மடலாய்ச் செல்லும். ஒருவர் சொல்லுக்கு மறுப்புரைக்க விரும்புவோர் அடுத்த மடல்வரை காத்திருத்தல் வேண்டும். சினம் தணிதற்கு அவ்விடைவெளி போதுமானது. 2011 ஆகத்து இறுதியில் ஐரீன் புயல் மாநிலத்தை வெள்ளத்தால் அழித்து, சில ஊர்கள் வீதித் தொடர்பின்றித் தனித்துநின்றபோது, யாருக்கு உணவு வேண்டும், யாரிடம் நீரிறைக்கும் பொறியுண்டு, எவ்வீட்டில் சேறு அகற்ற ஆள் தேவை என்பனவற்றை அம்மடல்களே அயலவர்க்கு அறிவித்தன. காணாமற்போன பூனையைப் பற்றியும் ஏணி இரவல் பற்றியும் ஆண்டுக்கணக்கிற் பேசிப் பழகியிருந்த அயலவர், இடர் வந்தபோது ஒருவரையொருவர் நம்பினர். நம்பிக்கை இடர்வந்த நாளிற் புதிதாய்ச் சமைக்கப்படுவதன்று. அது முன்னரே சேர்த்துவைக்கப்பட வேண்டிய நெல்லாகும்.

விதியின் இன்றியமையாமை

மட்டுறுத்துநர் எத்துணை நல்லவராயினும், தம் மனம்போனவாறு தீர்ப்பளிப்பாராயின் ஊரார் அவரை நம்பார். விதிகள் முன்னரே எழுதப்பெற்று எல்லாருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். இது புதுவதன்று. ஏறக்குறைய கி.பி. 800 அளவிற் பொறிக்கப்பட்ட மானூர்க் கல்வெட்டு, திருநெல்வேலிச் சீமையில் நிலவுடைமையாளரான பிராமணர் சபையொன்று தன் கூட்டத்தை நடத்துதற்கு வகுத்த விதிகளைக் கூறுகின்றது. எவ்விடயம் வந்தாலும் அன்று அன்று என்றே மறுத்துக் காரியத்தைக் குலைப்போரும், அவருக்குத் துணைநிற்போரும் ஐந்து காசு தண்டமிறுத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தண்டமிறுத்தவர் அதன்பின்னும் அச்சபையின் விதிகளுக்கு அடங்கியே ஒழுகவேண்டும். ஊரவை கூடும் இடமெல்லாம் குலைப்போனும் உளன் என்பதையும், அவனைத் தனியொருவர் சினத்தாலன்றிப் பொதுவிதியாலேயே அடக்குதல் தகும் என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

மேனாட்டிலும் இதே தேவை இதே மருந்தைத் தோற்றுவித்தது. அமெரிக்கப் படைப்பொறியியலாளர் ஹென்றி மாட்டின் றொபேட் 1863 ஆம் ஆண்டளவில் நியூ பெட்போட் நகரத் திருச்சபைக் கூட்டமொன்றுக்குத் தலைமைதாங்கி, அதனை ஒழுங்காக நடத்த வழியறியாது இடர்ப்பட்டார். அவ்வனுபவத்தாற் கூட்ட நடைமுறைகளை ஆராய்ந்து 1876 ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிநூல் இன்றும் சங்கங்கள் பலவற்றிற் கைக்கொள்ளப்படுகின்றது. விவாதம் பிரேரணையைப் பற்றியதாகுக, பிரேரித்தவரைப் பற்றியதாகற்க என்பது அந்நெறியின் உயிர்நாடி. விவாதத்தில் தாமே பக்கஞ்சார்ந்து பேச விரும்பும் தலைவர் அவ்விடயம் முடியுங்காறும் தலைமையைப் பிறரிடம் ஒப்புவித்தல் வேண்டும் என்பது மற்றொன்று. ஊர்க்குழும மட்டுறுத்துநர்க்கு இவ்விரண்டும் அப்படியே பொருந்தும். தம் உறவினரது கடையைப் பற்றிய முறைப்பாடு வருமாயின் அதன்மேல் தீர்ப்பளிக்கும் பொறுப்பைத் துணை மட்டுறுத்துநரிடம் விடுதலே அழகு.

விதி இருந்தால் மட்டும் போதாது. அது கண்ணிற் படவும் வேண்டும். நேதன் மத்தாயஸ் என்னும் ஆய்வாளர் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனை அளந்து காட்டுகின்றது. இணையத்திலே நிகழ்ந்த 2,190 அறிவியல் உரையாடல்களிற் சிலவற்றின் தலைப்பிலே விதிகளை இட்டும், ஏனையவற்றில் இடாதும் அவர் ஒப்புநோக்கினார். விதிகள் இடப்பட்டவிடத்துப் புதியோர் அவற்றைக் கைக்கொள்ளும் அளவு 8 வீதப் புள்ளிகளுக்குமேல் உயர்ந்தது. பங்குபற்றிய புதியோர் தொகையும் சராசரி 70 வீதம் கூடிற்று. விதி மக்களை விரட்டும் என அஞ்சுவோர் இதனைச் சிந்திப்பாராக. எல்லை எதுவெனத் தெரிந்தவிடத்தே கூச்சமுடையோரும் துணிந்து பேச வருகின்றனர். அதே ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆய்வு, ஒரு பதிவை நீக்கியபோது நீக்கியதற்குக் காரணம் எடுத்துரைக்கப்பட்டவர், பின்னர் அதே பிழையைச் செய்தல் குறைவு எனக் காட்டிற்று. காரணம் கூறாது அழித்தல் பிழையைத் திருத்தாது, மனக்கசப்பையே வளர்க்கும்.

படிமுறைத் தண்டனை

பொதுச்சொத்துகளை மக்கள் தாமே எவ்வாறு காக்கின்றனர் என ஆராய்ந்து 1990 ஆம் ஆண்டில் நூலெழுதி, 2009 ஆம் ஆண்டிற் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர் எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையார். நெடுங்காலம் நிலைத்த நீர்ப்பாசன அமைப்புகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் அவர் கண்ட பொதுப்பண்புகளுள் ஒன்று, தண்டனை சிறிதாய்த் தொடங்கிப் படிப்படியாய் ஏறுதல். முதற் பிழைக்கு ஒரு சொல். மீண்டும் செய்யின் சிறு தண்டம். விடாது செய்வோர்க்கே பெருந்தண்டம். ஸ்பெயின் நாட்டு வலன்சியா நகரிலே வாய்க்கால் நீர் பற்றிய வழக்குகளைத் தீர்க்கும் மன்றம் இன்றும் வியாழக்கிழமை தோறும் பேராலய வாயிலிற் கூடுகின்றது. உழவர் தேர்ந்தெடுத்த எண்மர் வாய்மொழியாகவே வழக்கைக் கேட்டு அங்கேயே தீர்க்கின்றனர். குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆற்றின் ஒரு கரையினராயின் மறுகரையினரே தீர்ப்பை முன்மொழிவர். விரைவு, எளிமை, நடுவுநிலை என்னும் மூன்றும் அம்மன்றத்தை நூற்றாண்டுகளாக வாழவைத்தன.

ஊர்க்குழுமமும் ஒரு பொதுக்குளமே. ஒருவன் கலக்கினால் எல்லார்க்கும் நீர் கெடும். ஆயினும் கலக்கியவனும் அவ்வூரானே. அவனும் அந்நீரையே குடிக்கவேண்டும். ஆதலின் முதற்படி, பலரறியக் கண்டியாது தனிச்செய்தியில், வயதிற்கும் முறைக்கும் ஏற்ற மரியாதையோடு எடுத்துரைத்தல். இரண்டாம் படி, பதிவை நீக்கிக் காரணங் கூறல். மூன்றாம் படி, சில நாட்களுக்கு எழுதும் உரிமையை நிறுத்திவைத்தல். விலக்கல் இறுதிப்படியாகும், அதற்கும் மட்டுறுத்துநர் ஒருவருக்கு மேற்பட்டோரின் உடன்பாடு வேண்டும். பலர்முன் நாணமுற்ற ஒருவன் திருந்துதல் அரிது. தனியே திருத்தப்பட்டவன் நண்பனாதலும் உண்டு.

காவலரைக் காப்பவர் யார்?

இவ்விடத்து ஒரு தடை எழுகின்றது. ஊரார் பேச்சை நிறுத்தவும் விடவும் இருவர் மூவர்க்கு அதிகாரம் அளித்தல் கருத்துச் சுதந்திரத்துக்கு ஊறாகாதோ எனின், ஆகக்கூடும் என்பதே நேர்மையான விடை. ஊராட்சி மன்றத்தைக் குறைகூறும் பதிவும், கோயிற் கணக்கைக் கேட்கும் பதிவும், மட்டுறுத்துநரையே கண்டிக்கும் பதிவும் கசப்பானவையே. அவை கசக்கின்றன என்பது அவற்றை நீக்குதற்குக் காரணமாகாது. பிரதேச சபையின் குப்பை வண்டி ஒரு திங்களாய் வரவில்லை எனல் குறைகூறல்; சபை உறுப்பினர் இன்னாரின் குடும்பம் இத்தகையது எனல் வசை. முன்னதைக் காத்தற்பொருட்டே பின்னது நிறுத்தப்படுகின்றது. கட்டுப்பாடற்ற குழுமத்திற் குரல் உரத்தோர் மட்டுமே எஞ்சுவர். பெண்களும் இளைஞரும் எளியோரும் ஒவ்வொருவராய் மௌனமாவர். அம்மௌனத்தையும் சுதந்திர இழப்பெனவே கணக்கிடல் வேண்டும்.

அதிகாரத்துக்கு வரம்பிடும் வழிகளையும் வரலாறு காட்டுகின்றது. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியத்துக்கு ஆளைக் குடவோலையால் தெரியும் முறையைக் கூறுவன. அவற்றின்படி வாரியப் பதவி ஓராண்டுக்குரியது. முந்திய மூன்றாண்டுகளிற் பதவி வகித்தவர் மீண்டும் தெரியப்படார். பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்படுவர். அச்சபையின் தகுதி விதிகள் நிலமும் பிறப்பும் சார்ந்தவை. அவற்றை நாம் மீட்கவேண்டியதில்லை. ஆயினும் தவணை, மாறிவருதல், கணக்குக் காட்டல் என்னும் மூன்றும் எக்காலத்துக்கும் உரியன. ஊர்க்குழுமத்து மட்டுறுத்துநரும் பலராய், வேறுவேறு வட்டாரத்தவராய், பெண்களையும் உள்ளடக்கியவராய், குறித்த காலத்துக்கு மட்டும் பணிபுரிதல் நன்று. எத்தனை பதிவு நீக்கப்பட்டது, எவ்விதியின்கீழ் என்பதைத் திங்கள்தோறும் பெயர் சுட்டாது அறிவிப்பாராயின் அதுவே அவர் காட்டும் கணக்காகும். மாறிவருதலால் வேறொரு பயனும் உண்டு: இரவும் பகலும் பிறர் சினத்தை வாசித்துக்கொண்டிருப்போர் உள்ளம் சோர்தல் இயல்பு, தவணை அவர்க்கு ஓய்வு தரும்.

சட்டநிலையையும் மட்டுறுத்துநர் அறிந்திருத்தல் வேண்டும். உறுப்பினர் இட்ட தகாத பதிவுக்கு, நிருவாகி என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் குற்றவாளியாகார் என இந்தியாவின் கேரள உயர்நீதிமன்றம் 2022 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. இங்கே 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பொய்க்கூற்றுகளை அடக்குதற்கென வந்த அது, கருத்துச் சுதந்திரத்தைச் சுருக்குவதெனக் கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. ஊரார் தம் பேச்சைத் தாமே அளவிற் காத்துக்கொள்ளாதவிடத்து, அரசின் கை நீளுதற்கு இடம் உண்டாகும். 2018 மார்ச்சு மாதத்து ஒரு வாரத் தடையிற் பொய் பரப்பியோரோடு, பிள்ளையின் நலம் விசாரிக்க முனைந்த தாயாரும் வாய்கட்டப்பட்டனர் என்பதை மறத்தலாகாது.

முடிவுரை

திருவள்ளுவர் அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு அடுத்தோர் அதிகாரமும் வகுத்தார். இன்ன அவை இத்தகையது என அறிந்து பேசுதலும், அறிந்தபின் அஞ்சாது பேசுதலும் அடுத்தடுத்து நிற்கவேண்டியவை. ஊர்க்குழுமத்தை நடத்துவோர் ஊரார்க்குச் செய்யத்தக்க பேருதவி, அவ்விரண்டும் ஒருங்கு நிகழ்தற்கு இடஞ்செய்து தருதலேயாம்.

இவ்விதழை வாசிக்கும் மாணவர் பலர் இன்றே வகுப்புக் குழுமங்களை நடத்துகின்றனர். பழைய மாணவர் சிலர் சங்கக் குழுமங்களையும் ஊர்க்குழுமங்களையும் ஏற்கெனவே சுமக்கின்றனர். மாணவர் மன்றக் கூட்டத்திலே தலைவர் மேசையைத் தட்டி ஒழுங்கு நிறுத்தியதும், எதிரணியின் வாதத்தை இடைமறியாது கேட்டதும், நேரம் முடிந்ததும் அமர்ந்ததும் விளையாட்டன்று. அதுவே இப்பணிக்குரிய முதற் பயிற்சி. அப்பயிற்சியைக் கைத்தொலைபேசிக்கும் கொண்டுசெல்லல் நம் கடமையாகும். அயலவர் அயலவரோடு பேசும் வாய்க்காலைத் தூர்ந்துபோகவும் கரை உடைத்தோடவும் விடாது காத்தவர், அவ்வூர்க்கு ஒரு குளம் தோண்டிய பயனைப் பெறுவர்.